பகலில் உறங்குபவளுக்கு ஒரு கூரை

1977 ஏப்ரல் 11. கூரை வேலை முடிந்தது. இருபத்திரண்டு தகர ஷீட்டுகள். கீழே ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை.

ஏப்ரல் 18. பால் காய்ச்சிக் குடிவந்தோம்.

ஏப்ரல் 25. அவளுக்கு இரவுப் பணி தொடங்கியது. மாலை ஏழரைக்குப் புறப்பட்டாள்.

ஏப்ரல் 26. காலை எட்டரைக்கு வந்தாள். ஒன்பதேகாலுக்குப் படுத்தாள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு விழித்தாள். பிறகு உறங்கவில்லை.

மே 4. கத்திரி தொடக்கம். பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே நிழலில் 41 டிகிரி; அறைக்குள் 44. உறக்கம் இரண்டு மணி நேரம், மூன்று துண்டுகளாக.

மே 9. உறக்கம் ஒன்றரை மணி நேரம், நான்கு துண்டுகளாக.

மே 10. இரவுப் பணியில் வேறொரு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துவிட்டதாகக் காலையில் சொன்னாள். மேலே ஒட்டியிருந்த சீட்டை இரண்டாம் முறை படித்தபோது தெரிந்தது, திரும்ப வைத்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை.

மே 11. கத்திரி முடிவதற்குள் பகலில் உறங்க வழி பிறக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள்.

மேலே உள்ளவை என் குறிப்பேட்டில் இருந்தபடியே எடுத்து எழுதப்பட்டவை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். ஒரு பக்கம் கோடிட்டதும் மறுபக்கம் கோடில்லாததுமான ஆய்வகப் பதிவேடு ஒன்றை, வீட்டுக்குள் வெப்பமானியும் கடிகாரமும் சொல்வதை எழுதி வைப்பதற்கென்று ஒதுக்கியிருந்தேன். நடந்ததைத் தவிர வேறெதுவும் அதில் இடம்பெறக் கூடாது என்பது நானே வகுத்துக்கொண்ட விதி. அந்த விதியை நான் மீறவில்லை. ஆனால் நடந்தது அனைத்தும் அதில் இடம்பெற்றுவிடவும் இல்லை. ஏப்ரல் 11-க்கும் 18-க்கும் இடையில் நான் செய்த காரியம் ஒன்றுக்கு அதில் வரி கிடையாது. என் மனைவி இந்த ஆண்டு மாசியில் காலமானாள். அவளுடைய பொருள்களை ஒழுங்குபடுத்தியபோது இந்தக் குறிப்பேடு அவளுடைய புடவைகளுக்கு அடியில் இருந்தது. அதை அங்கே வைத்தது நானல்ல.

எங்கள் மனை மலைக்கு வடக்கே, கிரிவலப் பாதையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். சிமென்ட்டுக்கு பர்மிட் வாங்கிக் காத்திருக்க வேண்டிய காலம் அது. எங்களுக்குக் கிடைத்த மூட்டைகள் சுவருக்கும் தரைக்கும் மட்டுமே போதுமானவையாக இருந்தன. கூரைக்குக் கீற்றா தகரமா என்ற கேள்வி வந்தபோது அவள்தான் முடிவெடுத்தாள்.

"கீத்து வேணாங்க. கார்த்திகைக்கு ஊரே வெடி வெடிக்கும். ஒவ்வொரு வருசமும் பக்கெட்டுல தண்ணிய வச்சிக்கிட்டு நிக்க முடியாது. தகரமே போட்டுடுங்க. சுட்டாலும் எரியாது."

சுட்டாலும் எரியாது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே போதுமான காரணமாகத் தோன்றியது.

அவள் ஊரிலிருந்த மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தாள். இரவுப் பணியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் தட்டிக் கழிக்கும் ஒன்றை ஏன் கேட்டு வாங்குகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "பகல்ல டாக்டருங்க இருக்காங்க, பெத்தவங்க இருக்காங்க. ராத்திரியில அதுங்களுக்கு முழிச்சிருக்கறது நாங்க மட்டுந்தான்" என்றாள். அதன்பின் நான் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆகவே அந்த வீட்டில் இரவு என்பது காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. சூரியனும் அதே நேரத்தில்தான் எங்கள் கூரைக்கு வந்து சேர்ந்தது. கிழக்கே ஒரு புளியமரம் ஒன்பது மணி வரையில் வெயிலைத் தடுத்துவைத்திருக்கும். மரத்தின் உச்சியைத் தாண்டிய வெயில் முதல் வரிசை ஷீட்டுகள் மீது விழுந்து கால் மணி நேரம் கழித்து அந்த ஓசை எழும். அதை எப்படி எழுதுவது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பெரிய பித்தளை அண்டா ஒன்றைத் தலைமாட்டில் போட்டதுபோல ஒரே ஓர் அடி. பிறகு அமைதி. பிறகு எதிர்பாராத நேரத்தில் இன்னோர் அடி, வேறொரு மூலையில். பதினொரு மணிக்குள் பத்துப் பன்னிரண்டு முறை கேட்கும். நண்பகலில் சற்று ஓயும். நாலு மணிக்கு மேல் கூரை குளிரத் தொடங்கும்போது மறுபடியும் ஆரம்பிக்கும்.

முதல் நாள் அவள் யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைத்து வெளியே ஓடினாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பால்கார அம்மாள் எருமைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா கல்லு உட்டது?"

"எவன் உட்டான்? இங்க நான்தான் நிக்கறேன். உங்க ஊடுதான் சிஸ்டரு தானா கத்துது. புது ஊடு இல்ல, கண்ணு கிண்ணு பட்டிருக்கும். ஒரு பூசணிக்கா கட்டுங்க."

அவள் பகலில் உறங்குபவள் என்பது தெரிந்தபின் அந்த அம்மாள் எங்கள் வீட்டின் அமைதிக்குத் தன்னையே காவலாக நியமித்துக்கொண்டாள். தெருவில் ஐஸ் வண்டி வந்தாலும், கத்தரிக்காய்க் கூடை வந்தாலும், தன் வீட்டு வாசலில் நின்றபடி முழுக் குரலில் உத்தரவு போடுவாள். "யோவ்! சத்தம் போடாத! சிஸ்டரு தூங்குது!" அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய சத்தம் வேறு எதுவும் இருக்கவில்லை. ஒருநாள் அறைக்குள்ளிருந்து அவள் பதில் கொடுத்தாள்: "தூங்கலக்கா, எழுப்பிட்டீங்க." சுவருக்கு அப்பால் வைக்கோல் உதறும் ஓசை கேட்டது. பிறகு, "சரி சரி, இப்ப தூங்கு. நான் பார்த்துக்கறேன்" என்று அதே குரல் வந்தது.

மருந்துக் குப்பியைப் பற்றி அவள் சொன்னது மே 10 காலையில். காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலில் மாற்றமில்லை. மறுநாள், கத்திரி முடியும்வரை பார்க்கிறேன், பிறகு விட்டுவிடுகிறேன் என்றாள். அன்று மாலை பணிக்குப் போவதற்கு முன் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, தேதியை மட்டும் விட்டுவிட்டு, அலமாரியில் மடித்து வைத்தாள். கையெழுத்து ஒழுங்காக இருந்தது. அவள் அந்த வேலையில் எவ்வளவு ஒன்றியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாளில் ஒரு சொல்கூட அடிக்கப்படாமல் இருந்ததைப் பார்த்தபோது, விடுவதென்றால் அவள் விட்டுவிடுவாள் என்பதும் தெரிந்தது.

எனக்குக் கோடை விடுமுறை. பதினேழு நாட்கள் இருந்தன. நான் சிக்கலை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று வெப்பம், மற்றொன்று ஓசை. வெப்பத்தை எனக்குத் தெரியும் என்று நினைத்ததால் அதிலிருந்து தொடங்கினேன்.

முதலில் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, உதிராமலிருக்கக் கொஞ்சம் வச்சிரப் பசையைச் சேர்த்து, கூரை முழுதும் இரண்டு கை பூசினேன். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பியனுப்பும். அறைக்குள் 44 என்பது 41 ஆயிற்று. அடுத்து, ஈரச் சாக்கு. பால்கார அம்மாளிடம் தவிட்டுச் சாக்குகளை வாங்கி விரித்து, பகலில் மூன்று முறை தண்ணீர் தெளித்தேன். இன்னும் இரண்டு டிகிரி இறங்கியது. ஆனால் கிணற்றில் தண்ணீரும் இறங்கியது. சாக்கிலிருந்து சொட்டும் நீர் சன்னலுக்கு வெளியே விழுந்து இன்னோர் ஓசையைக் கூட்டியது. இரண்டாம் நாளே சாக்குகளை எடுத்துவிட்டேன். மூன்றாவதாக, கூரைக்கு ஒன்றரை அடி கீழே, அறையின் குறுக்கே மூங்கில் தட்டி கட்டினேன். தட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே சூடாகும் காற்று வெளியேற இரண்டு பக்கச் சுவரிலும் கூரையை ஒட்டி செங்கற்களை உருவித் திறப்பு விட்டேன். தட்டியின் மேல் பழைய கோரைப்பாய்கள். மே 18 பிற்பகல், வெளியே 41 இருந்தபோது, அறைக்குள் 37. அறையில் நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த அனல் இல்லை. நான் நிறைவாக உணர்ந்தேன் என்று எழுதுவதில் தவறில்லை.

அன்று அவள் இரண்டு மணி நேரம் உறங்கினாள். மூன்று துண்டுகளாக.

கோடில்லாத பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டேன். வெப்பம் ஒரு கோடு, உறக்கம் ஒரு கோடு. முதல் கோடு நான் விரும்பியபடியே இறங்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது கோடு ஏறவில்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னா புரொபசர், கணக்கு ஒத்து வரலியா?"

"வெப்பம் குறைந்திருக்கிறது."

"குறைஞ்சிருக்கு. நல்லாத்தான் இருக்கு. கண்ணு சொக்கும்போது தலைமாட்டுல அண்டாவ போடாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

பதிவேட்டில் வரியில்லாத அந்தக் காரியத்தை அந்தச் சமயத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கூரை போட்ட பாய், தேரடித் தெருவுக்குப் பின்னால் தகர வேலைப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய குடும்பம் நாலைந்து தலைமுறையாக அந்த ஊரில் இருந்தது. வார்த்தையும் வேலையும் சுத்தமானவர் என்று பெயர். மே 20 காலையில் நான் போய் நின்றதும், சைக்கிளின் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு உடனே வந்துவிட்டார். கூரையின்மேல் நாங்கள் இருவர் மட்டும். ஷீட்டின் மேட்டில் காலை வைக்காமல் போல்ட்டு வரிசையை ஒட்டியே நடக்கும்படி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து ஒரு போல்ட்டின் தலையைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். மூன்றாவதில் ஸ்பானரை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது என் கை இல்லியே சார். யாரு முடுக்குனது?"

இந்த இடத்தில் விடுபட்ட வரியை எழுத வேண்டும்.

குடிவருவதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 15 மாலையில், கோடை மழைக்கு முந்திய காற்று அடித்தது. வீட்டைப் பூட்ட வந்திருந்த நான் கூரை முழுவதும் கடகடவென்று ஆடுவதைக் கேட்டேன். பகலில் உறங்கப் போகிறவள் இந்தச் சத்தத்தில் எப்படி உறங்குவாள் என்று எண்ணினேன். ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, பாயிடம் சொல்லாமல் நானே ஏணி வைத்து ஏறினேன். நூற்று முப்பத்திரண்டு போல்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைச் சுற்று. ஷீட்டுகள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. கையால் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு இறங்கினேன்.

அந்த ஆண்டு சனவரியில்தான் முதலாண்டு மாணவர்களுக்கு வெப்ப விரிவு நடத்தியிருந்தேன். தண்டவாளங்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்ற கேள்வியைத் தேர்விலும் கேட்டிருந்தேன். இருபது ஆண்டு படிப்பும் எட்டு ஆண்டு கற்பித்தலும் ஏணிக்குக் கீழேயே நின்றுவிட்டன. தகரம் வெயிலில் நீள வேண்டும். நீள விடாமல் இறுக்கிப் பிடித்தால் அது பொறுத்துக்கொண்டே இருக்கும். பொறுக்க முடியாத இடத்தில் ஒரே நொடியில் பிடியை மீறி நழுவும். அந்த நழுவல்தான் அண்டா விழும் ஓசை. காற்று வருகிற நாளில் மட்டும் ஆடியிருக்கக்கூடிய கூரையை, வெயில் வருகிற எல்லா நாளும் கத்துகிற கூரையாக மாற்றியவன் நான்.

"நான்தான் முடுக்கினேன் பாய்" என்றேன். "காத்துல ஆடக் கூடாதுன்னு."

பாய் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஓட்டைய போல்ட்ட விட ஒரு நூலு பெருசாத்தான் சார் போட்டேன். வாஷர் கடிச்சி நின்னா போதும்னு உட்டுட்டேன். வெயிலுக்கு அது அப்படி இப்படிப் போவணும். நீங்க அத தூண்ல கட்டிப் போட்டுட்டீங்க. கட்டிப் போட்டா கத்தாம இன்னா சார் பண்ணும்?"

"எனக்குத் தெரியும் பாய். நான் அதைத்தான் பாடம் நடத்தறேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லை. ஏறினேன், முடுக்கினேன்."

அப்போதுதான் சிரித்தார். "படிச்சவங்க ஊட்டு வேலை எப்பவும் கொஞ்சம் ஜாஸ்திதான் சார். காத்துக்கு ஆடுதுன்னு என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதுக்கு வேற வழி இருக்குது. பழைய சைக்கிள் டியூப்பு இருக்குதா ஊட்டுல?"

அந்த வழி இதுதான். சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி, ஷீட்டும் சட்டமும் சேரும் இடத்திலும், ஒரு ஷீட் இன்னொரு ஷீட்டின் மேல் ஏறும் இடத்திலும் வைப்பது. தகரம் நகரலாம், ஆனால் தட்டாது. இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, டியூப்பைச் செருகி, நசுங்கிப்போன தார் வாஷர்களை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, வாஷர் கடிக்கும் அளவுக்கு மட்டும் திருகினோம். அவர் திருகுவார், நான் எண்ணுவேன். ஒவ்வொரு முறையும் "போதும், கம்மியாவே இருக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எங்கள் வேலைக்காக அந்த இரண்டு பகலும் அவள் பால்கார அம்மாள் வீட்டில் எருமைக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் உறங்கினாள்.

இரண்டாம் நாள் மாலை நாங்கள் இறங்கியபோது அவள் வாசலில் மோரோடு நின்றாள்.

"இன்னா பாய், எதனால அந்தச் சத்தம்?"

பாய் மோரை முழுதும் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"ஷீட்டு புதுசுமா. வெயிலும் இந்த வருசம் ஜாஸ்தி. அதான். இப்ப சரி பண்ணியாச்சி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். மடக்கி முடிப்பதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

மே 23. உறக்கம் நான்கு மணி நேரம், இரண்டு துண்டுகளாக.

மே 26. உறக்கம் ஐந்து மணி இருபது நிமிடம். ஒரே துண்டு.

அன்று நான் கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு வெயில் கூரைக்கு வந்தது. தகரம் நீண்டிருக்க வேண்டும்; ஒன்றும் கேட்கவில்லை. எங்கோ தொலைவில் மலைப்பக்கம் மயில் ஒன்று அகவியது. சுவருக்கு அப்பால் அந்த அம்மாள் யாரையோ அதட்டத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டது கேட்டது. பிற்பகல் மூன்று மணி வரை நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலி கிரீச்சிடும் என்பது காரணம்.

தேதியில்லாத கடிதம் அலமாரியிலேயே இருந்தது. ஆடியில் அவள் அந்தத் தாளில் பூசணி விதைகளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதக் கூரை மேல ஏத்தி விட்டா இன்னும் ரெண்டு டிகிரி கம்மியாகுமா, பாருங்க." அவள் வேலையை விடப்போவதில்லை என்பதை எனக்கு அறிவித்தது அந்தப் பொட்டலம்தான்.

கொடி அந்த ஆண்டு சரியாக எழும்பவில்லை. மறு ஆண்டு கூரையில் பாதியை மூடியது. அவள் கேட்ட இரண்டு டிகிரியும் குறைந்தது, பதிவேட்டில் இருக்கிறது. இலைகளுக்கு நடுவே பிஞ்சுகள் பருக்கத் தொடங்கியதும், ஒருநாள் காலை பத்து மணிக்கு, மலையிலிருந்து குரங்குகள் வந்தன. ஏறக்குறைய இருபது. தகரக் கூரையின்மேல் இருபது குரங்குகள் ஒரு பூசணிக்காய்க்காகச் சண்டையிடும் ஓசைக்கு முன்னால் என் நூற்று முப்பத்திரண்டு போல்ட்டுகள் ஒன்றுமேயில்லை. பால்கார அம்மாள் வைக்கோல் கழியோடு ஓடி வந்து, "சிஸ்டரு தூங்குது, இறங்குங்கடா!" என்று அவற்றுக்கும் எடுத்துச் சொன்னாள். அறையிலிருந்து வெளியே வந்தவள் தலைமயிரை முடிந்துகொண்டே மேலே பார்த்தாள்.

"காய் காய்க்காத பூசணி ஏதாவது இருக்கா, புரொபசர்?"

இருந்தது. காய்க்கவிடாமல் இருந்தால் போதும். அதன்பின் தினமும் காலை ஆறு மணிக்கு, அவள் பணியிலிருந்து திரும்புவதற்குள், ஏணியில் ஏறி எல்லாப் பூக்களையும் பறித்துவிடுவேன். இலை இருக்கும், நிழல் இருக்கும். குரங்குக்கு வேலை இருக்காது. மார்கழியில் அந்தப் பூக்கள் தெருவிலுள்ள எல்லா வாசலுக்கும் போயின. சாண உருண்டையில் எங்கள் பூவைச் செருகிய கோலங்களைத் தாண்டித்தான் அவள் காலையில் வீட்டுக்கு நடந்து வருவாள். "நம்ம கூரை தெரு முழுக்க இறங்கிக் கிடக்குதுங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

கூரையின் ஓசை தீர்ந்தபின் கீழேயுள்ள ஓசைகள் தெரிய ஆரம்பித்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். கிணற்று வாளியின் கைப்பிடிக்குத் துணி சுற்றினோம். குக்கர் விசிலை அவள் எங்கோ எடுத்து வைத்துவிட்டாள்; பகல் சோற்றை நான் பானையில் வடிக்கக் கற்றுக்கொண்டேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய். வாசற்கதவில் ஒரு சிலேட்டை மாட்டி, 'பகலில் உறக்கம். மெதுவாக' என்று எழுதினேன். தபால்காரர் மணியடிக்காமல் கதவிடுக்கில் கடிதத்தைச் செருகினார். ஆடியில் அம்மன் கோயிலில் குழாய் ஒலிபெருக்கி கட்ட வந்தவர், அது எங்கள் வீட்டைப் பார்க்காமல் வயலைப் பார்க்குமாறு தானே திருப்பிக் கட்டினார். அவருடைய மகன் காய்ச்சலில் கிடந்த இரவுகளில் அவள் மருத்துவமனையில் விழித்திருந்தாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஒன்றை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. மழை. ஐப்பசியில் ஒரு பகல் முழுதும் கொட்டியபோது, தகரத்தின் கீழே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அவள் விழித்திருப்பாள் என்று நினைத்து அறைக்குள் பார்த்தேன். நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள். மாலையில் கேட்டபோது, "மழை அப்படி இல்லீங்க. அது சொல்லிட்டு வருது, மொத்தமா வருது. அதுல பயமில்ல" என்றாள். எந்த ஓசையை எதிர்பார்க்க முடியாதோ அதுதான் உறக்கத்தைக் கலைக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினேன். சொன்னது அவள் என்று எழுதாமல் விட்டது பிழை.

1987-இல் மனையின் முன்பக்கத்தில் கான்கிரீட் வீடு கட்டினோம். தகர வீட்டைப் பின்கட்டாக அப்படியே விட்டோம். முதல் கோடையிலேயே அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குத் திரும்பிவிட்டாள். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் மெதுவாக வெளியே விட்டது. தகரமோ சூரியன் இறங்கிய அரைமணியில் ஆறிவிடும். அவள் அதை வேறுவிதமாகச் சொன்னாள். "தகரத்துக்குக் கோவம் வந்தா கத்திட்டு மறந்துடும். இது உங்கள மாதிரி, மனசுலயே வச்சிக்கும்."

அது 1988 கோடையின் ஒரு மாலை. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மனத்தில் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததால் இருக்கலாம், பதினோரு ஆண்டு கழித்து நான் வாயைத் திறந்தேன்.

"அந்தக் கூரை முதல் வருஷம் சத்தம் போட்டதே..."

"நீங்க போல்ட்டு முடுக்கினதால."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிவந்த மறுநாள் துணி ஊற வச்சேன். வேட்டியில முட்டிக்கிட்ட ரெண்டு பக்கமும் கிரீஸ் கறை. எதுக்கு மேல ஏறினாரோன்னு நினைச்சேன். அப்பறம் அந்த பாய் மோர குடிச்சிட்டு வெயில் மேல பழி போட்டாரே, உங்க மூஞ்சிய பார்த்தேன். அப்பவே தெரிஞ்சிடுச்சி."

"ஏன் கேட்கவில்லை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." சிறிது நேரம் மலையைப் பார்த்தாள். "அப்பறம் தூக்கம் வந்துடுச்சி."

அந்த மருந்துக் குப்பியைப் பற்றி நான் கேட்க நினைத்தேன். அதற்கும் என் ஸ்பானருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று அவள் எப்போதாவது கணக்கிட்டாளா என்பது என் கேள்வி. கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அன்னிக்கி நான் சீட்டை ரெண்டாவது தடவை படிச்சேன். எப்பவும் படிப்பேன். தூங்கியிருந்தாலும் படிப்பேன். அத நீங்க உங்க நோட்டுல சேர்க்காதீங்க." சொல்லிவிட்டு எழுந்து, காப்பி வைக்கப் போனாள். அடுத்த ஆண்டு அவளுக்குப் பகற்பணி வந்தது. ஆயினும் விடுமுறை நாட்களிலும், ஓய்வு பெற்றபின் எல்லா நாட்களிலும், பகலுறக்கம் தகரத்தின் கீழேதான்.

கடைசி ஆறு வாரங்களும் அவள் இந்த அறையில்தான் படுத்திருந்தாள். பழைய பதிவேட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் அதைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. புதிய நோட்டு ஒன்றில் மறுபடியும் கட்டம் போட்டு எழுதினேன்: நேரம், வெப்பம், உறக்கம். தை மாதம் என்பதால் வெப்பம் ஒரு பொருட்டில்லை. உறக்கம் முதலில் துண்டுகளாக இருந்தது, பிறகு நீண்டது, பிறகு பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. கடைசி நாளுக்கான வரியில் தேதியும் வெப்பமும் இருக்கின்றன. மூன்றாவது கட்டத்தில் நான் எதையும் எழுதவில்லை.

இப்போது பிற்பகல் இரண்டு மணி. நான் இந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே 39, உள்ளே 35. கூரையில் ஓசையில்லை. சற்று முன்பு தண்ணீர் குடிக்க எழுந்தவன், நாற்காலியைத் தூக்கி நகர்த்தினேன். தாழ்ப்பாளை விரலால் தாங்கித் திறந்தேன். பால்கார அம்மாளின் மருமகள் இப்போது பாக்கெட் பால் கொண்டுவருகிறாள். இன்று காலையும் அதைக் கூப்பிடாமல் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

செய்யாமல் இருப்பவை:

சமையலறைப் பக்கம், மூன்றாவது ஷீட்டில் இரண்டு தார் வாஷர்களை மாற்றுவது. திருகும்போது கம்மியாக.

குக்கர் விசிலை அவள் எங்கே எடுத்து வைத்தாள் என்று தேடுவது.

பால்கார அம்மாளின் மருமகளிடம், இனி வாசலில் நின்று கூப்பிடலாம் என்று சொல்வது.

கதவிலிருந்து சிலேட்டைக் கழற்றுவது.

குறிப்பேட்டில், 1977 ஏப்ரல் 11-க்கும் 18-க்கும் இடையே, 17-ஆம் தேதிக்கான வரியை எழுதுவது.